படித்தேன், சரி – லூமி

1

"ஐயோ... யாராவது வாங்களேன்..."

மெர்யாவின் அலறல் மூன்று மாடிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஆனால் காலை ஏழரை மணிக்கு ஆபீசில் யார் இருக்கிறார்கள் ஓடி வர?

ஒருவரும் இல்லை.

துடைக்க வந்தவள் கையிலிருந்த வாளி உருண்டது. ஆபீஸ் சவுனாவின், அதாவது நீராவிக் குளியல் அறையின், கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றாள். மரத் தரையில், கதவிலிருந்து ஒரு சாண் தூரத்தில், குப்புறக் கிடந்தார் ஒலாவி. இடுப்பில் ஒரு துண்டு. அவ்வளவுதான் உடை!

வயது ஐம்பத்தெட்டு. தொழில், கதை எழுதுவது. நேற்று வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, சவுனா பட்டியலில் தன் பெயரை எழுதிவிட்டு உள்ளே போனவர்...

வெளியே வரவில்லை.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஹில்க்கா வந்துவிட்டாள். தம்பெரே நகரப் போலீசில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு நடந்தாள். பிணம் கிடக்கிற இடம் என்றாலும் பூட்ஸோடு நுழைய அவளுக்கு மனம் வராது. பின்னாலேயே சார்ஜென்ட் ரஸ்மஸ். நாற்பது வயது, நாற்பது வயதுக்கு உண்டான தொப்பை.

"மாரடைப்புதான் ஹில்க்கா. ரெண்டு பீர் குடிச்சிருக்கார். சூட்டுல ரொம்ப நேரம் உக்காந்துட்டார். வருஷத்துக்கு நாலு கேஸாவது இப்படி வருதே."

"கையைப் பாரு."

பார்த்தான். இரண்டு முஷ்டிகளும் வீங்கிக் கன்றிப் போயிருந்தன.

"நெஞ்சு வலிக்கிறவன் நெஞ்சைப் பிடிப்பான். இவர் எதையோ விடாம குத்தியிருக்கார்."

"எதை?"

"கதவை."

சவுனாக் கதவுக்குப் பூட்டு கிடையாது. உள்ளேயிருந்து தள்ளினால் வெளிப்பக்கமாகத் திறந்துவிடும். குழந்தை தள்ளினால்கூடத் திறக்கும். ஹில்க்கா வெளியே வந்து மரக் கைப்பிடியை டார்ச் அடித்துப் பார்த்தாள்.

கைப்பிடியின் உள்வளைவில் புதிதாக ஒரு கீறல்... அதில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு துளி பச்சைப் பெயின்ட்!

யாரோ நீளமாக எதையோ கைப்பிடிக்குள் செருகி, பக்கத்துச் சுவரிலிருந்த துண்டு மாட்டும் கம்பிக்குப் பின்னால் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு மனுஷன் குத்திக் குத்தி ஓய்ந்ததும் உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ரஸ்மஸ்... இந்தக் கீறல் நமக்கு மட்டும்தான் தெரியணும். பச்சைப் பெயின்டைப் பத்தி உன் பெண்டாட்டிகிட்டகூட மூச்சு விடாதே."

"அவ என்கிட்ட பேசியே ஒரு வாரமாச்சு," என்றான் ரஸ்மஸ்.

2

மேல் மாடியில், ஏரியைப் பார்த்தபடி இருந்தது ஒலாவி வேலை பார்த்த கதைக் கம்பெனி. முதலாளி ஆர்வோ. வழவழப்பான தாடி, விலை உயர்ந்த காலுறை. காபியும் ஏலக்காய் பன்னும் அவரே கொண்டுவந்து வைத்தார்.

"ஒலாவி எனக்கு அண்ணன் மாதிரி. என்ன கேக்கணுமோ கேளுங்க."

"முதல்ல இங்க என்ன நடக்குதுன்னு சொல்லுங்க. கதைன்னா எனக்கு முதல் பக்கம், கடைசி பக்கம். அவ்வளவுதான் தெரியும்."

"எங்க கதையில கடைசி பக்கம் ஆயிரம் இருக்கும். ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவை, அடுத்து என்ன செய்யணும்னு படிக்கிறவங்களே முடிவு பண்ணுவாங்க. காட்டுக்குள்ள போறதா, ஏரி மேல போறதான்னு. அவங்க எதைத் தேர்ந்தெடுக்கிறாங்களோ அந்தப் பக்கம் கதை திரும்பும்."

"ஆயிரம் முடிவையும் ஒலாவியே எழுதுவாரா?"

"அடிமரம் மட்டும் அவர் எழுதுவார். கிளையெல்லாம் தாரினா எழுதும்."

"யாரவங்க?"

"அவங்க இல்ல, அது. செயற்கை நுண்ணறிவு. ஒலாவி உக்காந்து பழக்கினது. ஆனா ஒரு விதி வச்சிருக்கோம். ஒவ்வொரு கிளையையும் ஒரு மனுஷன் முழுசா படிக்கணும். படிச்சிட்டு, 'படித்தேன், சரி'ன்னு தன் பேர்ல முத்திரை போடணும். அது இல்லாம ஒரு வரிகூட வெளியே போகாது."

"படிக்கிற வேலை யாருக்கு?"

ஆர்வோ பன்னைப் பிய்த்தார். சாப்பிடவில்லை.

"லூமிக்கு."

"ஏன் இழுக்கறீங்க?"

"மூணு வாரம் முன்னாடி ஏரிப் பனிக்கட்டி உடைஞ்சு ஒரு பொண்ணு விழுந்தாளே... ஒன்பது வயசு, இன்னும் கண் முழிக்கலை. அவ கையில இருந்தது எங்க கதைதான். ஒரு கிளையில தாரினா தப்பா எழுதிடுச்சு. ஏப்ரல்ல பனிக்கட்டி சாம்பல் நிறமா இருந்தா தைரியமா நடக்கலாம்னு."

ஹில்க்காவுக்கு வாயில் இருந்த காபி கசந்தது. சாம்பல் நிறப் பனிக்கட்டியில் கால் வைக்கக் கூடாது என்று இந்த ஊரில் பால்வாடிக் குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுப்பார்கள்.

"அந்தக் கிளையில யாரோட முத்திரை?"

ஆர்வோ திரையை அவள் பக்கம் திருப்பினார்.

*படித்தேன், சரி – லூமி.* பிப்ரவரி பதினொன்று.

"ஒலாவி இதைக் கண்டுபிடிச்சிட்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணோட அப்பா அம்மாவைப் பார்த்துச் சொல்லப் போறேன்னார். வியாழக்கிழமை மத்தியானம் லூமி அவர்கிட்ட கத்தின கத்தல் கீழ் மாடி வரைக்கும் கேட்டுது. நான் நாலரைக்குக் கிளம்பிட்டேன், வாசல் எலெக்ட்ரானிக் சாவியில பதிவாகியிருக்கும். கடைசியா போனது லூமிதான். அஞ்சு இருபதுக்கு." பெருமூச்சு விட்டார். "நல்ல பொண்ணுங்க அவ. அதான் வருத்தம்."

வருத்தப்படுகிற முகம் அப்படி இருக்காது. ஆனால் முகத்தை வைத்து யாரையும் கைது செய்ய முடியாதே!

3

லூமிக்கு முப்பத்தொரு வயது. அழுது முடித்துவிட்டு, இனி அழுவதற்கும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் எழுத்தாளர்தான். எழுதறதுக்குன்னுதான் இங்க சேர்ந்தேன். ரெண்டு வருஷமா ஒரு வரி எழுதலை. அது எழுதறதைப் படிக்கிறேன். ஒரு நாளைக்கு நானூறு கிளை. எல்லாமே சுமாரா நல்லாவே இருக்கும், அதுதான் கொடுமை. மோசமா இருந்தா தூக்கிப் போட்டுட்டு நாமளே எழுதலாம். நல்லாவும் இல்லாம, கெட்டும் போகாம... நானூறு. நூறு தாண்டினதும் கண்ணு மட்டும்தான் ஓடும்."

"பனிக்கட்டிக் கிளையைப் படிச்சீங்களா?"

"இல்ல."

"முத்திரை உங்க பேர்ல இருக்கே."

"அன்னிக்கு நானூத்துப் பன்னிரண்டு கிளைக்கு ஆறு நிமிஷத்துல முத்திரை விழுந்திருக்கு. ஆறு நிமிஷத்துல யாராலயும் படிக்க முடியாது. என் பாஸ்வேர்டு ஆர்வோகிட்டயும் இருக்கு. எல்லாரோடதும் அவர்கிட்ட இருக்கு."

"அப்ப அவர்தான் போட்டார்னு சொல்ல வேண்டியதுதானே?"

லூமி தலை குனிந்துகொண்டாள்.

"வேற ரெண்டு தடவை நானே படிக்காம போட்டிருக்கேன். காய்ச்சலா இருந்தப்ப. அதுவும் பதிவுல இருக்கு. இதை மட்டும் நான் போடலைன்னா யார் நம்புவா? ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகம் வருது... நான்தான் போட்டுட்டு மறந்துட்டேனோன்னு."

"ஒலாவிகிட்ட ஏன் கத்துனீங்க?"

"'அது யார் கைன்னு நாளைக்குச் சொல்லப் போறேன்'னார். என்னைத்தான் சொல்றார்னு நினைச்சேன். 'இவ்வளவு வருஷம் பழகி என்னை இப்படி மாட்டி விடறீங்களே'ன்னு கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் கேக்கவே இல்ல. கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போய் உக்காந்துட்டேன்."

ஹில்க்கா நோட்டை மூடப் போனவள், ஏதோ தோன்றித் திரும்பவும் திறந்தாள்.

"ஆயிரம் கிளை இருக்கே, அந்த மிஷினுக்கு ஒண்ணுக்கொண்ணு குழப்பிக்காதா?"

"ஒலாவி அதுக்கு ஒரு நினைவேடு பண்ணி வச்சிருக்கார். யார் எங்க போனாங்க, என்ன எடுத்தாங்க, எல்லாம் அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். நாம பேசினதை அழிச்சாலும் நினைவேட்டுல இருக்கும். இல்லேன்னா மூணாவது பக்கத்துல செத்தவன் அஞ்சாவது பக்கத்துல வந்து காபி குடிப்பான். அவர் எழுதின கையேட்டுல முதல் அத்தியாயமே அதுதான்." லேசாகச் சிரித்தாள். "அதையும் என்னைத் தவிர யாரும் படிக்கலை."

4

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹில்க்காவுக்கு நரகம்!

பச்சைப் பெயின்டைத் தேடிக் கட்டடத்தையே புரட்டிப் போட்டார்கள். மாப் கம்பு வெள்ளை. திரைச்சீலைக் கம்பி கறுப்பு. பனி தள்ளும் மண்வெட்டி சிவப்பு. உலகத்தில் உள்ள எல்லா நிறமும் இருந்தது, பச்சையைத் தவிர!

மீதி நேரம் அந்த ஏரிக் கதையைப் படித்தாள். அதாவது, படிக்க முயன்றாள். பனிக்கட்டிக் கிளையைத் தானே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. காட்டுப் பாதையைத் தேர்ந்தெடுத்தாள், கரடி வந்தது. கரையோரம் போனாள், காணாமல் போன நாய்க்குட்டியைத் தேடச் சொன்னது. தேடினாள், மறுபடியும் அதே கரடி வந்தது.

"சனியன்..." என்று மேஜையைக் குத்தினாள்.

"எத்தனையாவது தடவை சாகறீங்க?" என்றான் ரஸ்மஸ், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பதினாலு. 'மனம் தளராதீர்கள்! இப்போது என்ன செய்ய விரும்புகிறீர்கள்?'னு வேற கேக்குது. என்ன செய்ய விரும்பறேன்னு சொன்னா இது தாங்காது."

"பொறுமையா கேளுங்க. அது இனிமையாத்தான் பேசுது."

"அதான்யா எரிச்சல். திட்டினாலும் தேங்க்ஸ் சொல்லுது. இதோட தினமும் எட்டு மணி நேரம் குப்பை கொட்டியிருக்கா அந்தப் பொண்ணு."

இருபத்திரண்டாவது முயற்சியில் ஏரியைத் தொட்டாள். 'சாம்பல் நிறம் உறுதியின் அடையாளம்' என்று அழகாக, அமைதியாக, துளிக்கூடச் சந்தேகமில்லாமல் எழுதியிருந்தது அந்த வரி. ஒரே ஒரு மனுஷக் கண் அதன் மேல் பட்டிருந்தால் போதும், அடித்துத் தள்ளியிருக்கும்.

திங்கட்கிழமை அரசு வக்கீல் போன் செய்தார்.

"நோக்கம் இருக்கு, சண்டை இருக்கு, கடைசியா கிளம்பினதும் அவதான். இன்னும் என்ன வேணும் ஹில்க்கா? செவ்வாய் பன்னிரண்டு மணிக்கு லூமியைக் காவல்ல வைக்கச் சொல்லி மனு போடறேன்."

"கதவை அடைச்ச பொருள் கிடைக்கலையே?"

"அவ கிடைச்சிருக்காளே."

போனை வைத்த ஹில்க்கா, ஆர்வோவுக்கும் லூமிக்கும் ஒரே மாதிரி செய்தி அனுப்பினாள். வியாழக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, செவ்வாய் காலை கொண்டு வரவும்.

செய்ய வேறு எதுவும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

5

செவ்வாய். காலை ஒன்பதே கால்.

லூமி கொடுத்தது ஒன்றரைப் பக்கம். கையால் எழுதி, அடித்து, திருத்தி, கண்ணீர் பட்ட இடத்தில் மை ஊறியிருந்தது. அவளை வராந்தாவில் உட்கார வைத்தார்கள்.

ஆர்வோ கொடுத்தது முப்பத்துநாலு பக்கம்! கருநீல அட்டை போட்டு, சுருள் கம்பி கோத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெரிய கையெழுத்து.

"நிறையவே எழுதிட்டேன். முதல் பக்கத்துல சுருக்கம் இருக்கு, அது போதும் உங்களுக்கு." கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு எனக்கு மீட்டிங்."

"உக்காருங்க. நான் படிக்கிற ஆளு."

"முழுசுமா?"

"கரடியே இருபத்தியோரு தடவை சாப்பிட்டுடுச்சு என்னை. முப்பத்துநாலு பக்கம் என்ன பண்ணிடும்?"

ஹில்க்கா படிக்க ஆரம்பித்தாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

ஆர்வோ போனை நோண்டினார். ரஸ்மஸ் காபி ஊற்றினான். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு... ஒன்பது...

பதினொன்றாம் பக்கத்தில் ஹில்க்காவின் விரல் நின்றது. அந்தப் பக்கத்தையே இன்னொரு முறை மேலிருந்து படித்தாள். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் நாலு வார்த்தை எழுதி ரஸ்மஸிடம் நீட்டினாள். வாங்கிப் படித்தவன், தொப்பையை மறந்து ஓடினான்.

"என்ன விஷயம்?" என்றார் ஆர்வோ.

"காபிக்குப் பால் இல்ல. வாங்கிட்டு வரச் சொன்னேன்."

பன்னிரண்டு... பதிமூன்று... அவள் அவசரப்படவே இல்லை. பத்தரை ஆயிற்று. ஆர்வோ எழுந்தார். உட்காரச் சொன்னாள். பத்தே முக்காலுக்கு ரஸ்மஸின் போன் வந்தது. ஹில்க்கா இரண்டு முறை 'ம்' என்றாள். வைத்தாள்.

"ஆர்வோ... இதை நீங்களே எழுதினீங்களா?"

"சொன்னதெல்லாம் நான். எழுதினது தாரினா. அதுல தப்பில்லையே? எனக்கு ஏது நேரம்? குறிப்பு கொடுத்தேன், அன்னிக்கு நடந்ததை நான் சொல்ற மாதிரி விரிவா எழுது, எங்கயும் ஓட்டை இருக்கக் கூடாதுன்னேன்."

"ஓட்டை இல்ல. நல்லா அடைச்சிருக்கு. பதினொண்ணாம் பக்கம் படிக்கட்டுமா?"

அவர் தலையாட்டுவதற்குள் அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

"'மாலை நான்கு இருபதுக்கு ஒலாவி என் அறைக்கு வந்தார். லூமியின் பெயரில் முத்திரை போட்டது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். லூமி தன் மேல் கோபமாக இருக்கிறாள் என்றும், நாளை அவளிடமும் அந்தப் பெற்றோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். நான்கரைக்கு வாசல் சாவியில் பதிவாகும்படி வெளியேறினேன். படகுக் கொட்டகையில் பதினேழாம் எண் பச்சைத் துடுப்பை எடுத்துக்கொண்டு, ஐந்தரைக்கு சாவிப் பதிவு இல்லாத ஏரிப்பக்கப் படிக்கட்டு வழியாகத் திரும்பினேன். துடுப்பைக் கைப்பிடிக்குள் செருகினேன். பிறகு அதை மற்றத் துடுப்புகளோடு சேர்த்து வைத்துவிட்டேன்.'"



ஆர்வோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இது... இது நான் சொல்லலை. மிஷின் கட்டி விட்ட கதை. அதுக்கு இல்லாததை எழுதறதே வேலை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். பனிக்கட்டி விஷயத்துல பார்த்தேனே. அதனாலதான் இதை நம்பாம ரஸ்மஸை அனுப்பினேன். உங்க கட்டடத்துக்குக் கீழேயே கொட்டகை. பனி உருகி ஏரி திறக்கிற வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. நாங்களும் பார்க்கலை. அறுபது துடுப்பு, எல்லாம் பச்சை. பதினேழாவதுல மட்டும் நடுவுல பெயின்ட் உரிஞ்சிருக்கு. அதுக்கு மேல அஞ்சு விரலும் அழகா பதிஞ்சிருக்காம். யாரோடதுன்னு சாயங்காலம் சொல்லிடுவாங்க."

"நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேனே..."

சொல்லிவிட்டுத்தான் உதட்டைக் கடித்தார். வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"பன்னிரண்டாம் பக்கத்துல மீதியும் இருக்கு. நாலு இருபத்தஞ்சுக்கு அதுகிட்ட ஒரு கதை கேட்டிருக்கீங்க. ஒரு முதலாளி, ஒரு எழுத்தாளர், ஒரு சவுனா. அது மூணு வழி சொல்லுச்சு, நீங்க ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்து, எந்தத் துடுப்பு, எந்தப் படிக்கட்டுன்னும் சொல்லியிருக்கீங்க. பேசினதை அழிச்சீங்க. ஆனா ஒலாவியோட நினைவேட்டுல எல்லாம் உக்காந்திருக்கு. நேத்து ஓட்டை இருக்கக் கூடாதுன்னு கேட்டதும் நல்ல பிள்ளையா எடுத்து அடைச்சிடுச்சு. அவரோட கையேட்டுல முதல் அத்தியாயமே இதுதானாம்."

"நான் இதைப் படிக்கவே இல்ல," என்றார் ஆர்வோ, குரலே எழும்பாமல்.

"கையெழுத்து மட்டும் முப்பத்துநாலு போட்டிருக்கீங்க."

ஹில்க்கா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். லூமி நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு எதிர்பார்ப்பும் இல்லை. தன்னைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று கோட்டைக்கூட மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கோட்டைக் கழட்டும்மா. முத்திரை போட்டது நீ இல்ல. ஒலாவி உன்னைக் காப்பாத்தத்தான் வந்திருக்கார். அதைச் சொல்ல வந்தப்பதான் நீ கதவைச் சாத்திட்டே."

அழவும் தெம்பில்லாமல் இருந்த லூமிக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு, கோட்டுக் கையில் முகத்தைப் புதைத்து, அழுதாள். ஹில்க்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல சேதி சொல்லியும் இப்படி நெஞ்சு கனக்கிறதே என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

அவள் திரும்பி வந்தபோது ஆர்வோ ஒரு மாதிரி சுதாரித்திருந்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக் கொண்டார்.

"என் வக்கீல் வரட்டும். இனிமே நீங்க நீட்டற எந்தக் காகிதமா இருந்தாலும், ஒவ்வொரு வரியும் படிச்ச பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்."

ஹில்க்கா பேனாவை மூடினாள்.

"நல்ல பழக்கம் ஆர்வோ. பிப்ரவரியிலயே ஆரம்பிச்சிருக்கலாம்."